செடியிலிருந்து விமான எரிபொருள்: நிலமே இல்லாத ஊரில் எதற்கு இந்த ஆராய்ச்சி?

கேள்வி இதுதான்: "என் மகள் ஜூனியர் காலேஜில் முதலாண்டு படிக்கிறாள். செடியின் மரபணுவை மாற்றி எண்ணெயைக் கூட்டி, அதிலிருந்து எரிபொருள் எடுப்பது பற்றிப் புராஜெக்ட் செய்யப் போகிறாளாம். எனக்கு இரண்டு சந்தேகம். ஊரில், இராமநாதபுரம் பக்கம், என் அப்பா ஒருவர் பேச்சை நம்பி இரண்டு ஏக்கரில் காட்டாமணக்கு போட்டார். விதையை வாங்கிக்கொள்ள வருகிறோம் என்றவர்கள் வரவே இல்லை. இதுவும் அதே கதையா? அப்புறம், கீரை போடவே இடம் தேடும் சிங்கப்பூரில் இதை ஆராய்ந்து என்ன பயன்?"

நான் இங்கே ஒரு தாவர ஆய்வுக்கூடத்தில் பதினைந்து வருஷமாக வேலை பார்க்கிறேன். விதைக்குள் எண்ணெய் சேருவதைத்தான் பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் அப்பா. அவர் ஏமாளி இல்லை. அந்த நாளில் அரசாங்கங்கள், பெரிய கம்பெனிகள், படித்தவர்கள் எல்லோருமே காட்டாமணக்கை நம்பினார்கள். 2003இல் இந்தியத் திட்டக்குழுவின் அறிக்கை அதைப் பெரிய அளவில் பயிரிடச் சொன்னது. 2008 டிசம்பர் 30 அன்று ஏர் நியூசிலாந்து, ஒரு போயிங் 747 விமானத்தின் நான்கு இயந்திரங்களில் ஒன்றில் பாதிக்குப் பாதி காட்டாமணக்கு எரிபொருளைக் கலந்து பறக்கவிட்டுக் காட்டியது. 2009இல் இந்தியா, 2017க்குள் உயிரி எரிபொருள் கலப்பை 20 சதவீதமாக்குவது என்று இலக்கு வைத்தது. இத்தனையும் செய்தியில் வந்துகொண்டிருந்தபோது இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் மனிதர் நம்பாமல் எப்படி இருப்பார்?

எரிபொருளில் கோளாறு இல்லை. செடிதான் தயாராக இல்லை. காட்டாமணக்கு மத்திய அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தது. ஆடு மாடு வாய் வைக்காது என்பதால் நம் ஊரில் வேலியாக நின்றுவிட்டது. நெல்லையும் எள்ளையும் போல, நல்லதைப் பொறுக்கி விதைக்கு வைத்துத் தலைமுறை தலைமுறையாக மனிதன் பழக்கிய பயிர் இல்லை அது. ஒரே குலையில் ஒரு காய் பச்சையாக இருக்கும், ஒன்று மஞ்சளாக இருக்கும், ஒன்று காய்ந்து வெடித்திருக்கும். திரும்பத் திரும்பப் போய்க் கையால் பறிக்க வேண்டும். அந்தக் கூலிக்கே காசு போய்விடும். புண்ணாக்கை மாட்டுக்கு வைக்கலாமா என்றால் அதில் நச்சு. தண்ணீரே வேண்டாம் என்று சொல்லி விற்றார்கள். தண்ணீர் இல்லாமல் அது பிழைக்கும், நிஜம்தான். ஆனால் பிழைப்பது வேறு, காய்ப்பது வேறு. நிறையக் காய்க்க அதற்கும் தண்ணீரும் உரமும் வேண்டும். அவற்றைக் கொடுக்க முடிந்த நிலத்தில் யாரும் கடலையோ பருத்தியோதான் போடுவார்கள்.

இந்தச் செடியைச் சிங்கப்பூரிலும் கையில் எடுத்தார்கள். தெமாசெக் உயிரறிவியல் ஆய்வகத்தில், காட்டாமணக்கு விதையில் ஒரு குறிப்பிட்ட மரபணுவை அடக்கி, எண்ணெயிலிருக்கும் கொழுப்பு அமிலங்களில் ஒன்றான ஒலேயிக் அமிலத்தின் பங்கை 37 சதவீதத்திலிருந்து 78 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோனார்கள். 2012இல் வெளிவந்த வேலை அது. ஒலேயிக் கூடினால் எண்ணெய் சீக்கிரம் காறாது, நாள்பட நிற்கும். அருமையான வேலை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அது மாற்றியது எண்ணெயின் தரத்தை. ஒரு ஏக்கர் செடி வருஷத்துக்கு எத்தனை கிலோ விதை தரும் என்ற கணக்கை அது தொடவில்லை. உங்கள் அப்பாவின் நிலத்தில் இடித்தது அந்தக் கணக்குதான்.

இந்த இரண்டையும் உங்கள் மகள் பிரித்துப் பார்க்க வேண்டும். எப்படிப்பட்ட எண்ணெய் என்பது ஒன்று. எவ்வளவு எண்ணெய் என்பது இன்னொன்று. எரிபொருளுக்கு இரண்டாவதுதான் பெரிது, காரணம் இருக்கிறது. பழைய முறை பயோடீசலில் எண்ணெயை மெத்தனாலோடு வினைபுரிய வைப்பார்கள். அதில் எண்ணெயின் குணம் அப்படியே டீசலுக்கு வந்துவிடும். காறும் எண்ணெய் காறும் டீசலாகும். இப்போதைய முறையில் ஹைட்ரஜனைச் செலுத்தி, எண்ணெயிலிருக்கும் ஆக்சிஜனை முழுவதுமாக நீக்கி, பெட்ரோலியத்தில் இருப்பது போன்ற வெறும் ஹைட்ரோகார்பனாக மாற்றிவிடுகிறார்கள். அதில், எண்ணெய் காறுவதற்குக் காரணமான இரட்டைப் பிணைப்பெல்லாம் ஹைட்ரஜனை வாங்கிக்கொண்டு மறைந்துவிடும். ஹைட்ரஜன் செலவு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். இந்த முறை வந்த பிறகு தரத்தைத் திருத்தும் ஆராய்ச்சிக்கு மவுசு சற்றுக் குறைந்தது.

கொழுப்பு அமிலத்தில் வரிசையாகக் கோத்திருக்கும் கார்பன் சங்கிலியின் நீளம் மட்டும் இன்னும் முக்கியம். விமான எரிபொருளுக்கு ஏறக்குறைய 8 முதல் 16 கார்பன் வரை இருக்க வேண்டும், மைனஸ் 47 டிகிரியிலும் உறையக் கூடாது. பாமாயிலிலும் சோயாவிலும் இருப்பவை பெரும்பாலும் 16, 18 கார்பன் சங்கிலிகள். அவற்றை உடைக்க வேண்டும், கிளை பிரிக்க வேண்டும். தேங்காய் எண்ணெயில் பாதிக்குப் பாதி 12 கார்பன் லாரிக் அமிலம். சரி, கடுகு இனத்துச் செடியையே தேங்காய் எண்ணெய் தர வைத்தால்? அதையும் செய்துவிட்டார்கள். கலிபோர்னியாவில் வளரும் பே லாரல் என்ற ஒரு வகை மரத்தில், சங்கிலியை 12இல் வெட்டிவிடும் நொதி இருக்கிறது. அதன் மரபணுவைக் கடுகு இனத்துக் கனோலாவில் வைத்து, 1990களின் நடுவில் கால்ஜீன் நிறுவனம் வயலுக்கே கொண்டுவந்தது. செடி சொன்னபடி லாரிக் எண்ணெய் தந்தது. ஆனால் தென்னையோடும் பாமாயில் தரும் செம்பனையோடும் விலையில் போட்டி போட முடியாமல் அது நிலைக்கவில்லை.

இனி அளவு. செடி ஏன் எண்ணெய் செய்கிறது? தன் குழந்தைக்காக. மண்ணுக்குள் கிடக்கும் விதை முளைத்து, வெளிச்சத்தைப் பிடிக்கும்வரை சாப்பிடக் கட்டுச்சோறு வேண்டும். ஒரு கிலோ மாவுச்சத்தில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆற்றல் ஒரு கிலோ எண்ணெயில் இருக்கிறது. சிறிய மூட்டைக்குள் நிறைய ஆற்றல் கட்ட வேண்டுமென்றால் எண்ணெய்தான் சரி. எள் விதையில் பாதி எடை எண்ணெய். நம் மொழியில் எண்ணெய் என்ற சொல்லே எள்ளின் நெய் என்பதிலிருந்து வந்ததுதானே.

ஆனால் எண்ணெய் சும்மா வராது. இலை வெயிலில் சமைத்த சர்க்கரையிலிருந்துதான் அதைச் செய்ய வேண்டும். ஒரு கிலோ எண்ணெய்க்கு மூன்று கிலோ வரை சர்க்கரை செலவாகும். எவ்வளவு சர்க்கரையை எண்ணெய்க்குத் திருப்புவது என்று விதைக்குள் முடிவெடுக்கும் முக்கியமான புரதம் ஒன்று உண்டு. பெயர் ரிங்கிள்டு-1. சுருங்கியது என்று பொருள். அது பழுதான அரபிடாப்சிஸ் என்ற, ஆய்வகங்களில் சோதனைக்கு வளர்க்கும் செடியின் விதை, எண்ணெய் சேராமல் வற்றிச் சுருங்கிப்போகும். மைக்ராஸ்கோப்பில் அந்த விதைகளை முதல்முறை பார்த்தபோது, பால் கட்டாத பதர் நெல் ஞாபகம் வந்தது எனக்கு.

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2022இல் செய்தது இந்தப் புரதத்தின் மீதுதான். ரிங்கிள்டு-1 டிஎன்ஏவை எப்படிப் பற்றிக்கொள்கிறது என்பதை அணு அணுவாகப் படம் பிடித்தார்கள். பிடி எங்கே தளர்வாக இருக்கிறதோ அங்கே புரதத்தை மாற்றி இறுக்கினார்கள். பிடி இறுகினால் எண்ணெய் செய்யும் மரபணுக்கள் இன்னும் பலமாக இயங்கும். அப்படி மாற்றிய புரதத்தோடு வளர்ந்த அரபிடாப்சிஸ் விதைகளில், ஆய்வகச் சூழலில் 15 முதல் 18 சதவீதம் அதிக எண்ணெய் சேர்ந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு ஆயிரம் செடிகளை மாற்றிப் பார்த்ததில் கிடைத்த அதிர்ஷ்டம் இல்லை இது. பூட்டின் உள்ளமைப்பைப் பார்த்துச் சாவி அறுத்த மாதிரி. அதனால்தான் எனக்கு இந்த வேலை மேல் தனி மதிப்பு.

ஆனால் மகளிடம் சொல்லுங்கள், 15 சதவீதம் அதிகம் என்றால் 35 என்பது 50 ஆவதில்லை. 35 என்பது 40 ஆவது. அதோடு அரபிடாப்சிஸ் கடுகு இனத்தின் ஒரு சின்னக் களைச்செடி; அதன் விதை கடுகைவிடப் பல மடங்கு பொடி. அங்கே நடந்தது கடலையிலும் சோயாவிலும் வயலில் நடக்குமா, விதையில் எண்ணெய் கூடும்போது விதையின் எண்ணிக்கை குறையாமல் இருக்குமா என்பதெல்லாம் தனித்தனிக் கேள்விகள்.

விதையோடு ஏன் நிற்க வேண்டும், இலையிலேயே எண்ணெய் வைக்கலாமே என்று கேட்டவர்களும் உண்டு. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒரு செடியில் விதையின் எடை கொஞ்சம், இலையும் தண்டும் நிறைய. ஆனால் சாதாரண இலையில் எண்ணெய் ஒரு சதவீதத்துக்கும் மிகக் கீழே. ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆர்ஓவின் விஞ்ஞானிகள் 2014இல் புகையிலைச் செடியில் மூன்று மரபணுக்களைச் சேர்த்து வைத்தார்கள். ஒன்று ரிங்கிள்டு-1. அது சர்க்கரையைக் கொழுப்பு அமிலத்தின் பக்கம் தள்ளும். இரண்டாவது, அந்தக் கொழுப்பு அமிலங்களை இழுத்து எண்ணெயாகக் கோக்கும் நொதி. மூன்றாவது, உருவான எண்ணெய்த் துளியைச் சுற்றி உறை போட்டுக் காக்கும் ஒலியோசின் புரதம். அந்த ஒலியோசினை எங்கிருந்து எடுத்தார்கள் தெரியுமா? எள்ளிலிருந்து. இலையின் உலர்ந்த எடையில் 15 சதவீதம் எண்ணெய் வந்தது.

அதற்கும் மேலே போக முடியாமல் தடுத்தது எது? இதை என் அப்பா பிழைப்பைக்கொண்டு சொல்கிறேன். அவர் ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். வெட்டிய குலையை ஒரு நாளுக்குள் ஆலைக்கு ஏற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் விலை கிடைக்காது என்று ஓட்டமாக ஓடுவார்களாம். பழம் அடிபட்டதும் அதனுள்ளே இருக்கும் லைப்பேஸ் நொதி எண்ணெயைப் பிய்த்துப் புளிக்க வைக்கத் தொடங்கிவிடும். இலையிலும் அதே போல ஒரு நொதி இருக்கிறது. நாம் ஒரு பக்கம் எண்ணெய் சேர்க்கச் சேர்க்க, அது மறுபக்கம் கரைத்துக்கொண்டிருக்கும். 2017இல் அதே ஆஸ்திரேலியக் குழு அந்த நொதியின் மரபணுவை அடக்கிப் பார்த்தது. இலையில் எண்ணெய் 30 சதவீதத்தைத் தொட்டது. சோயா விதையில் இருப்பதே 20 சதவீதம்தான்.

அப்படியானால் வேலை முடிந்ததா? இல்லை. வளரும் இலை தன் சர்க்கரையை எண்ணெயில் முடக்கினால் அடுத்த இலைக்கு என்ன அனுப்பும்? செடி குட்டையாகிவிடும். அதே 2017 வேலையில் இன்னொரு வழியும் பார்த்தார்கள்: இலைக்கு வயதாகும்போது மட்டும் தானாக இயங்கும் ஒரு மரபணு விசையை எடுத்து, எண்ணெய் செய்யச் சொல்லும் கட்டளையை அதில் மாட்டினார்கள். இலை வளரும்வரை வளரட்டும், பழுக்கும் நேரத்தில் எண்ணெய் கட்டட்டும். அமெரிக்காவின் புரூக்ஹேவன், கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகங்கள் குளத்தில் மிதக்கும் டக்வீட் என்ற குட்டிச் செடியில் 2022இல் வேறு வழி கண்டன. ஒரு ரசாயனத்தைத் தண்ணீரில் ஊற்றினால்தான் ரிங்கிள்டு-1 இயங்கும்படி வைத்தார்கள். செடி முதலில் பெருகும், அப்புறம் எண்ணெய் சேர்க்கும். உலர்ந்த எடையில் 10 சதவீதத்துக்குக் கிட்டத்தட்ட வந்தது. டக்வீட்டுக்கு நிலம் வேண்டாம், பண்ணைக் கழிவுநீரே போதும் என்பதால் நம் மாதிரி ஊர்க்காரர்களுக்கு அதில் ஆசை வருவது இயற்கை.

ஆய்வுக் கட்டுரைகள் அதிகம் பேசாத ஒரு சிக்கலும் உண்டு. விதை உலர்ந்த பொருள். சாக்கில் கட்டி ஆறு மாதம் வைக்கலாம், கப்பலில் ஏற்றலாம், செக்கிலோ எக்ஸ்பெல்லரிலோ போட்டால் எண்ணெய் கொட்டும். இலையோ முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். வெட்டிய மறுநாளே அழுகத் தொடங்கும். உலர்த்த நெருப்பு வேண்டும், எண்ணெயைப் பிரிக்கக் கரைப்பான் வேண்டும். அந்த நெருப்புக்கு எரித்த எரிபொருளையும் கணக்கில் கழித்தால் மிச்சம் எவ்வளவு? கரும்பில் எண்ணெய் சேர்க்க அமெரிக்காவில் முயற்சி நடப்பதற்கு இது ஒரு காரணம். கரும்பை எப்படியும் ஆலையில் பிழிகிறோம், சக்கையை எரித்தே கொதிகலன் ஓடுகிறது. உலர்த்தும் செலவு புதிதாக வராது. இலை எண்ணெயில் ஒரு பயிர் முதலில் கரை சேருமென்றால் அது கரும்பு அல்லது சோளம் வகையாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

இந்தப் பந்தயத்தில் எல்லோரும் தாண்ட வேண்டிய உயரம் செம்பனை. ஒரு ஹெக்டேருக்கு வருஷம் சுமார் 4 டன் எண்ணெய். சோயா அரை டன்னைத் தொட்டாலே நல்ல விளைச்சல். செம்பனையில் பெரிய முன்னேற்றம் ஒன்று மரபணுவை மாற்றாமலேயே வந்தது. பழத்தின் ஓடு தடிமனா மெலிசா என்று தீர்மானிக்கும் மரபணுவை மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் 2013இல் கண்டுபிடித்தது. மெல்லிய ஓட்டு மரம், தடித்த ஓட்டு மரத்தைவிட 30 சதவீதம் கூடுதலாக எண்ணெய் தரும். முன்பு அதைத் தெரிந்துகொள்ள மரம் காய்க்கும்வரை வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இப்போது நாற்றங்காலிலேயே ஒரு துண்டு இலையைச் சோதித்துத் தடித்த ஓட்டுக் கன்றைக் களைந்துவிடலாம்.

செம்பனை அவ்வளவு தருமென்றால் அதையே போட்டுக்கொண்டே போகலாமே? 2013 ஜூன் 21 நமக்கு மறக்குமா? சுமத்ராவில் எரிந்த தீயின் புகை சிங்கப்பூரை மூடிய அன்று காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401. ஜன்னலை மூடி, துணியை நனைத்து இடுக்கில் செருகி உட்கார்ந்திருந்தோம். காட்டையும், மக்கிய செடிகொடிகள் சேர்ந்து கிடக்கும் கரிநிலத்தையும் எரித்துத் தோட்டம் போட்டால், அந்த எண்ணெய் டீசலைவிட அதிகக் கரியமில வாயுவை விட்டுவிட்டுத்தான் வரும். ஏற்கெனவே இருக்கும் ஹெக்டேரிலேயே விளைச்சலைக் கூட்ட வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அதனால்தான்.

சரி, சிங்கப்பூருக்கு வருவோம். தீவு முழுக்க, வீட்டையும் சாலையையும் இடித்துவிட்டுச் செம்பனை நட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 735 சதுர கிலோமீட்டர், அதாவது 73,500 ஹெக்டேர். ஹெக்டேருக்கு 4 டன் என்றால் வருஷம் சுமார் 2.9 லட்சம் டன். துவாஸில் நெஸ்டே நிறுவனத்தின் ஆலை, 2023 விரிவாக்கத்துக்குப் பிறகு வருஷம் 26 லட்சம் டன் புதுப்பிக்கத்தக்க எரிபொருள் தரக்கூடியது. நாட்டையே தோட்டமாக்கினாலும் அந்த ஒரு ஆலையின் பசியில் ஒன்பதில் ஒரு பங்குதான் தீரும். அங்கே இப்போது முக்கியமாகப் போவது பழைய சமையல் எண்ணெயும் விலங்குக் கொழுப்பும். தேக்காவில் பொரித்த வடையின் எண்ணெய் வானில் பறக்கிறது என்று பெருமைப்பட்டாலும், உலகத்தில் மிஞ்சும் பழைய எண்ணெய்க்கு ஓர் எல்லை உண்டு.

ஆக, இங்கே யாரும் பயிர் வளர்க்கப் போவதில்லை. இங்கே விளைவது ரிங்கிள்டு-1 போன்ற விசையைப் பற்றிய அறிவு. அது விதையாக மாறி வேறு நாட்டு வயலில் முளைக்கும், எண்ணெயாகத் துவாஸுக்குத் திரும்பி வரும், சாங்கியில் விமானத்தில் ஏறும். 2024இல் நம் அரசாங்கம், இங்கிருந்து கிளம்பும் விமானங்களில் 2026இல் 1 சதவீதமும் 2030க்குள் 3 முதல் 5 சதவீதமும், இப்படிப்பட்ட புதுப்பிக்கத்தக்க விமான எரிபொருளைச் சேர்ப்பது என்று இலக்கு அறிவித்தது. அதற்கான கட்டணம் பயணிகளின் டிக்கெட்டில் சேரும் என்றும் சொன்னது. ஒரு சதவீதம் என்று கேட்கச் சின்னதாக இருக்கிறது. அதற்கே இவ்வளவு பாடு.

காருக்கும் இதை ஊற்றலாமே என்று மகள் எழுதினால் தயவுசெய்து தடுங்கள். செடி, தன் மேல் விழும் வெயிலில் சுமார் 1 சதவீதத்தைத்தான் உடலாகச் சேமிக்கிறது. கூரையில் வைக்கும் சூரியத் தகடு 20 சதவீதத்தை மின்சாரமாக்குகிறது. தரையில் ஓடும் வண்டிக்கு அந்த மின்சாரமே நல்லது. விமானத்துக்கு அது முடியாது. ஒரு கிலோ விமான எரிபொருளில் இருக்கும் ஆற்றலைப் பேட்டரியில் ஏற்ற, இன்றைய நிலையில் நாற்பது ஐம்பது கிலோ பேட்டரி வேண்டும். பேட்டரியால் எட்ட முடியாத இடத்துக்கு மட்டும் செடியின் எண்ணெயை வைத்துக்கொள்வதுதான் நியாயம். நிலமும் தண்ணீரும் சாப்பாட்டுக்கும் வேண்டும்.

உங்கள் முதல் சந்தேகத்துக்கு என் பதில்: அவசரப்பட்டு வயலுக்குக் கொண்டுபோனால் அதே கதைதான் ஆகும். காட்டாமணக்கில் செடியைப் பழக்குவதற்கு முன்னாலேயே விவசாயியின் தலையில் கட்டினார்கள். இந்த முறை, குறைந்தபட்சம், எந்த மரபணு எதைச் செய்கிறது என்று தெரிந்துகொண்டு போகிறார்கள். ஆனால் "எண்ணெய் இத்தனை சதவீதம் கூடியது" என்ற செய்தியோடு, ஒரு ஹெக்டேரில் ஒரு வருஷத்தில் கைக்கு வந்த எண்ணெய் எத்தனை கிலோ என்று சொல்லாதவரை உங்கள் அப்பாவை நிலத்தை உழச் சொல்லாதீர்கள்.

மகளுக்கு ஒரு சின்னச் சோதனை. ஒரு ஸ்பூன் எள்ளை இடித்து, வெள்ளைத் தாளில் வைத்து அழுத்தித் தேய்க்கச் சொல்லுங்கள். பக்கத்திலேயே பசலைக்கீரை இலை ஒன்றையும் கசக்கித் தேய்க்கட்டும். தாளை ஒரு ராத்திரி காயவைத்துக் காலையில் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தால், கீரை தேய்த்த இடம் பச்சைக் கறையோடு உலர்ந்துபோயிருக்கும். எள் தேய்த்த இடம் வெளிச்சத்தை விட்டுக்கொண்டு அப்படியே எண்ணெயாக நிற்கும். அந்தத் தாளைப் படம் எடுத்துப் புராஜெக்டின் முதல் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.